வருவாய் இல்லாத நிறுவனத்துக்கு விலை வருவது எப்படி?

மாதத்துக்கு ஒரு முறையேனும் எங்கள் கிளைகளில் இந்தக் கேள்வி எழுகிறது. கேட்பவர் பெரும்பாலும் ஒரு தந்தையாராகவோ ஓய்வு பெற்ற ஆசிரியையாகவோ இருப்பார். அவருடைய மகனோ மகளோ நண்பர்கள் இருவர் மூவரோடு சேர்ந்து பெங்களூருவிலோ புனேயிலோ ஒரு மென்பொருள் நிறுவனம் தொடங்கியிருப்பார். இரண்டு ஆண்டுகள் கடந்தும் ஒரு ரூபாய் வருவாய் வந்திராது. நடைமுறை மூலதனக் கடன் கேட்டு அளித்த விண்ணப்பத்தை வங்கி ஏற்றிராது. அதே வாரத்து நாளிதழில், அதே போன்று வருவாயே இல்லாத இன்னொரு நிறுவனத்தைப் பல நூறு கோடி கொடுத்து ஒரு பெரிய நிறுவனம் வாங்கிவிட்ட செய்தி வந்திருக்கும். அந்தச் செய்தித் துணுக்கை மேசைமீது வைத்து அவர் கேட்பார்: “இருபது லட்சம் தர நீங்கள் தயங்குகிறீர்கள். அவர்கள் இருநூறு கோடி தருகிறார்கள். உங்கள் இருவரில் கணக்குத் தெரியாதவர் யார்?”

நியாயமான கேள்வி. இருவருக்குமே கணக்குத் தெரியும் என்பதுதான் விடை. ஆனால் இருவர் போடும் கணக்கும் வெவ்வேறு. அந்த வேறுபாட்டைச் சற்று விரிவாகவே இங்கு விளக்க விழைகிறோம். ஏனெனில் இக்கேள்விக்குப் பின்னால் சில குடும்பங்களின் சேமிப்பும், சில வேளைகளில் குடியிருக்கும் வீடுமே இருப்பதை நாங்கள் கண்டு வருகிறோம்.

கடன் கொடுப்பவரின் நிலையை முதலில் பார்ப்போம். வங்கி ஒரு நிறுவனத்துக்கு இருபது லட்சம் ரூபாய் கடன் தருகிறது என்று கொள்வோம். அந்நிறுவனம் பின்னாளில் நூறு மடங்கு வளர்ந்தாலும் வங்கிக்குக் கிடைப்பது அசலும் ஒப்பந்த வட்டியும் மட்டுமே. அதற்கு மேல் ஒரு ரூபாயும் இல்லை. நிறுவனம் மூடப்பட்டாலோ, முழு அசலும் போய்விடும். அந்த அசல் வங்கியின் சொந்தப் பணமன்று, பெரும்பகுதி வைப்புத்தொகையாளர்களுடையது. ஆகவே வங்கி கேட்கும் முதற்கேள்வி, “மாதந்தோறும் தவணை எதிலிருந்து வரும்?” என்பதுதான். வருவாய் இல்லையென்றால் தவணைக்கு வழியில்லை. அவ்வளவு எளிய கணக்கு அது.

வாங்குபவரின் நிலை நேர்மாறானது. கெட்டால் அவர் இழப்பது கொடுத்த விலையை மட்டுமே. வென்றால் அதன் முழுப் பயனும் அவருடையது. எனவே அந்தச் சிறு நிறுவனம் இன்று எவ்வளவு சம்பாதிக்கிறது என்று அவர் கேட்பதில்லை. அது தம் கைக்கு வந்தால் என்ன ஆகும், வேறொருவர் கைக்குப் போனால் என்ன ஆகும் என்றே கேட்கிறார். இரண்டாவது கேள்விதான் பல வேளைகளில் விலையைத் தீர்மானிக்கிறது.

பதின்மூன்று பேரும் நூறு கோடி டாலரும்

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு 2012-ஆம் ஆண்டில் நடந்தது. அதன் கணக்கு விவரங்கள் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆவணங்களில் வெளியிடப்பட்டிருப்பதால், யூகத்துக்கு இடமின்றி அதைப் படிக்க முடிகிறது.

புகைப்படங்களைப் பகிர உதவும் இன்ஸ்டாகிராம் செயலி 2010 அக்டோபரில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் தொடங்கப்பட்டது. கெவின் சிஸ்ட்ரோம், மைக் கிரீகர் ஆகிய இருவர் அதன் நிறுவனர்கள். பதினெட்டு மாதங்களில் ஏறத்தாழ 3 கோடிப் பயனாளர்களைப் பெற்றது. பணியாளர்கள் 13 பேர். வருவாய் ஏதுமில்லை, கட்டணமும் இல்லை, விளம்பரமும் இல்லை. 2012 ஏப்ரல் 9 அன்று, ஃபேஸ்புக் நிறுவனம் அதனை 100 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அன்றைய மாற்று மதிப்பில் அது ஐயாயிரம் கோடி ரூபாய்க்கும் மேல்.

பலர் அன்று நகைத்தனர். ஆனால் ஃபேஸ்புக் அப்போது இருந்த நிலையை நோக்கினால் நகைப்பு அடங்கும். அது தன் பங்குகளைப் பொதுமக்களுக்கு வெளியிட ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. அதற்கான ஆவணத்தில், கைப்பேசி வழியே தன் சேவையைப் பயன்படுத்துவோரிடமிருந்து குறிப்பிடத்தக்க வருவாய் எதுவும் நேரடியாகக் கிடைப்பதில்லை என்று அதுவே ஒப்புக்கொண்டிருந்தது. அதன் 90 கோடிப் பயனாளர்களோ கணினியிலிருந்து கைப்பேசிக்கு வேகமாக நகர்ந்துகொண்டிருந்தனர். கைப்பேசிக்கென்றே பிறந்த ஒரு செயலி, ஃபேஸ்புக்கின் உயிர்நாடியான புகைப்படப் பகிர்வைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. மே மாதம் பங்கு வெளியீட்டின்போது ஃபேஸ்புக்கின் மொத்த மதிப்பு பத்தாயிரம் கோடி டாலரைத் தாண்டியது. அதனோடு ஒப்பிட்டால் இன்ஸ்டாகிராமுக்குத் தந்த விலை நூற்றில் ஒரு பங்கு. தன் சொத்து முழுவதற்கும் வரக்கூடிய ஆபத்துக்கு நூற்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கட்டிய காப்பீட்டுத் தவணை என்று இதைக் கொள்ளலாம். காப்பீட்டுத் தவணை கட்டுபவர், காப்பீட்டுப் பத்திரம் மாதம் எவ்வளவு சம்பாதிக்கிறது என்று கேட்பதில்லை அல்லவா?

இனி கணக்கேட்டுக்கு வருவோம். வணிகவியல் படித்தவர்களுக்கு இதுவே சுவையான பகுதி.

அறிவிக்கப்பட்ட 100 கோடி டாலரில் ரொக்கம் 30 கோடி மட்டுமே. மீதிக்கு ஏறத்தாழ 2.3 கோடி ஃபேஸ்புக் பங்குகள். பங்கு ஒன்றுக்குச் சுமார் 30 டாலர் என்ற கணக்கில்தான் மொத்தம் 100 கோடி என்று பேசப்பட்டது. ஃபேஸ்புக் பங்கு 38 டாலர் விலையில் மே மாதம் சந்தைக்கு வந்தது. ஆகஸ்டு இறுதியில் கொள்முதல் நிறைவேறியபோது அந்த விலை பாதிக்கும் கீழே சென்றிருந்தது. ஆகவே விற்றவர்களுக்கு அன்று உண்மையில் கிடைத்த மதிப்பு ஏறத்தாழ 71.5 கோடி டாலர். செய்தித்தாளின் தலைப்பில் வரும் தொகையும் விற்றவரின் கையில் சேரும் தொகையும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. (அந்தப் பங்குகளை விற்காமல் வைத்திருந்தவர்கள் வருந்தவில்லை, 2013 இறுதியில் விலை 54 டாலரைத் தாண்டிவிட்டது.)

அந்த 71.5 கோடியையும் ஃபேஸ்புக் ஒரே தலைப்பில் எழுதவில்லை. 52.1 கோடியைக் கொள்முதல் விலையாகக் காட்டியது. எஞ்சிய 19.4 கோடி, பணியாளர்களாகிய பங்குதாரர்கள் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பணியில் இருந்தால் மட்டுமே முழுமையாக உரிமையாகும் பங்குகளின் மதிப்பு. அதனை விலையாகக் கருதாமல், ஆண்டுதோறும் எழுதப்படும் ஊதியச் செலவாகவே காட்டியது. அதாவது, அந்தத் தொகை நிறுவனத்தை வாங்கத் தந்ததன்று. மனிதர்களைத் தக்கவைத்துக்கொள்ளத் தந்தது.

52.1 கோடிக்கு வாங்கப்பட்ட பொருள்தான் என்ன? தொழில்நுட்பத்துக்கு 7.4 கோடி. வணிகப் பெயர் முதலியவற்றுக்கு 6.5 கோடி. இவற்றின் மீது பின்னாளில் எழக்கூடிய வரிப் பொறுப்பு முதலியவற்றைக் கழித்துவிட்டால், எஞ்சும் 43.3 கோடியும் ‘நற்பெயர்’ என்ற ஒரே வரியில் எழுதப்பட்டது. கொடுத்த விலையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் அதிகமான தொகைக்கு, இன்னதென்று சுட்டிக்காட்டத்தக்க சொத்து எதுவும் இல்லை!

நற்பெயர் என்பதைப் பலர் கடையின் பெயரோடும் ராசியோடும் இணைத்துப் புரிந்துகொள்கின்றனர். கணக்கியலில் அது ஒரு மீதத் தொகை மட்டுமே. கொடுத்த விலையிலிருந்து, அடையாளம் காணத்தக்க நிகரச் சொத்துகளின் நியாய மதிப்பைக் கழித்தபின் எஞ்சுவது. எதிர்காலத்தைப் பற்றி வாங்குபவர் கொண்டிருக்கும் நம்பிக்கைக்கு இருப்புநிலைக் குறிப்பில் வேறு இடம் இல்லாததால், அது இங்கு வந்து தங்குகிறது. நம் நாட்டிலும் பெரிய நிறுவனங்களுக்குரிய கணக்கியல் தரநிலைகள் இதே முறையைப் பின்பற்றுகின்றன. இந்த நற்பெயருக்கு ஆண்டுதோறும் தேய்மானம் எழுதுவதில்லை. மதிப்பு குறைந்துவிட்டதா என்று ஆண்டுக்கு ஒரு முறையேனும் சோதித்து, குறைந்திருந்தால் அந்த ஆண்டே இலாபத்திலிருந்து கழிக்க வேண்டும். வருமான வரியிலும் 2021-ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்துக்குப் பிறகு நற்பெயருக்குத் தேய்மானச் சலுகை இல்லை. நேரடியாகவோ பரஸ்பர நிதிகள் வழியாகவோ பங்குகளில் முதலீடு செய்துள்ள வாடிக்கையாளர்கள், தாங்கள் முதலிட்ட நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் இந்த ஒரு வரியைத் தேடிப் பார்ப்பது நல்லது. நற்பெயர் பெருத்தும் இலாபம் சிறுத்தும் இருந்தால், பிறர் நிறுவனங்களை மிகை விலைக்கு வாங்கும் பழக்கம் அங்கு இருக்கக்கூடும்.

இன்ஸ்டாகிராம் முதன்முதலில் விளம்பரம் வெளியிட்டது 2013 நவம்பரில். அதன் பின் அது ஈட்டியதை நாம் அனைவரும் அறிவோம். அந்த வெற்றியே பின்னர் வழக்காகவும் மாறியது. போட்டியாளரை ஒழிப்பதற்காகவே வாங்கினார்கள் என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2020 டிசம்பரில் வழக்குத் தொடுத்தது. 2012-இல் இக்கொள்முதலை ஆராய்ந்து தடையின்றி விட்டதும் அதே ஆணையமே. 2025 நவம்பரில் விசாரணை நீதிமன்றம் ஆணையத்தின் வாதத்தை ஏற்கவில்லை.

நம் பணப்பைக்குள் வந்த ஒன்று

கடல் கடந்த கதை என்று ஒதுக்க வேண்டாம். வாடிக்கையாளர்கள் பலரின் கைப்பேசியில் இன்று இருக்கும் ஃபோன்பே செயலியும், வருவாய் இல்லாத நிலையில் வாங்கப்பட்ட ஒன்றுதான். வருவாய் மட்டுமா, வாங்கப்பட்டபோது பொதுமக்கள் பயன்படுத்தக்கூடிய செயலியே அதனிடம் இல்லை.

சமீர் நிகம், ராகுல் சாரி, பர்சின் எஞ்சினியர் ஆகியோர் 2015 டிசம்பரில் அதனைத் தொடங்கினர். நான்கே மாதங்களில், 2016 ஏப்ரலில், ஃபிளிப்கார்ட் அதனை வாங்கியது. அதே ஏப்ரல் மாதம் 11-ஆம் நாள், இந்திய தேசியப் பணம் செலுத்துகைக் கழகத்தின் யூபிஐ முறையை அன்றைய ரிசர்வ் வங்கி ஆளுநர் ரகுராம் ராஜன் தொடங்கி வைத்தார். ஃபோன்பேயின் யூபிஐ செயலி, ஒரு தனியார் வங்கியின் துணையோடு, அவ்வாண்டு ஆகஸ்டில் மக்களுக்குக் கிடைத்தது. நவம்பர் 8 அன்று உயர் மதிப்பு நோட்டுகள் செல்லாதென அறிவிக்கப்பட்டதை அவர்களில் எவரும் முன்கூட்டி அறிந்திருக்க வழியில்லை.

ஃபிளிப்கார்ட் ஏன் வாங்கியது? நிறுவனர்கள் அதற்குப் புதியவர்கள் அல்லர். நிகமும் சாரியும் முன்பு நடத்திய மைம்360 என்ற நிறுவனத்தை 2011-இலேயே ஃபிளிப்கார்ட் வாங்கியிருந்தது. அதன்பின் அவர்கள் ஃபிளிப்கார்ட்டில் பணியாற்றினர். ஆகவே ஆட்களைப் பற்றி ஐயம் இல்லை. இணையவழி வணிகத்துக்குப் பணம் செலுத்தும் வசதி இன்றியமையாதது. அதனைத் தொடக்கத்திலிருந்து சொந்தமாக உருவாக்க ஒன்றரை ஆண்டு ஆகும் என்றால், அந்த ஒன்றரை ஆண்டுக்கும் ஒரு விலை உண்டு. வருவாய் இல்லாத நிறுவனத்தை வாங்குவோர் பெரும்பாலும் காலத்தையே வாங்குகின்றனர் என்பது எங்கள் கருத்து.

பின்னர் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2018-இல் வால்மார்ட், ஃபிளிப்கார்ட்டின் 77 விழுக்காட்டுப் பங்குகளை 1,600 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தபோது ஃபோன்பேயும் அதனுள் அடங்கியிருந்தது. 2020 டிசம்பரில் ஓரளவும் 2022 டிசம்பரில் முழுமையாகவும் அது ஃபிளிப்கார்ட்டிலிருந்து பிரிந்தது. 2023 ஜனவரியில் முதலீடு திரட்டியபோது அதன் மதிப்பு 1,200 கோடி டாலர் எனக் கணக்கிடப்பட்டது. 2020 ஜனவரி முதல், வங்கிக் கணக்கிலிருந்து செல்லும் சாதாரண யூபிஐ பரிமாற்றங்களுக்கு வணிகரிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்ற நிலை இருந்தும் இந்த மதிப்பு வந்தது. மதிப்பிட்டவர்கள் அந்தப் பரிமாற்றத்தை மட்டும் பார்க்கவில்லை; அதன் மூலம் திரளும் வாடிக்கையாளர்களிடம் காப்பீடு, பரஸ்பர நிதி, கடன் என்று வேறென்ன விற்க முடியும் என்பதையும் பார்த்தனர்.

இவ்விடத்தில் ஒரு மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2013 மார்ச்சில் யாஹூ நிறுவனம், லண்டனைச் சேர்ந்த பதினேழு வயது மாணவர் ஒருவர் உருவாக்கிய சம்லி என்னும் செய்திச் சுருக்கச் செயலியை வாங்கியது. விலை சுமார் 3 கோடி டாலர் என்று செய்திகள் கூறின. வாங்கியதும் அந்தச் செயலி விலக்கிக்கொள்ளப்பட்டது. தொழில்நுட்பம் வாங்கியவரின் வேறொரு செயலிக்குள் சென்றது. யாஹூவின் சரிவை அது நிறுத்தவில்லை. 2014 ஜனவரியில் ஃபேஸ்புக் வாங்கிய லிட்டில் ஐ லேப்ஸ், இந்தியாவில் அது செய்த முதற்கொள்முதல். பெங்களூருவின் அந்தச் சிறு குழு கலிபோர்னியாவுக்கே குடிபெயர்ந்தது. இவற்றில் வாங்கப்பட்டது பெரும்பாலும் ஆட்களின் திறமையே. இத்தகைய கொள்முதல்கள்தாம் எண்ணிக்கையில் மிகுதி, இன்ஸ்டாகிராம்கள் அரிது. செய்தித் துணுக்கோடு வரும் பெற்றோர்களிடம் நாங்கள் இதையே முதலில் சொல்கிறோம்.

தொகை எவர் கைக்குப் போகிறது?

“பக்கத்து வீட்டுப் பெண் வேலை பார்த்த நிறுவனத்தை ஐம்பது கோடிக்கு வாங்கினார்களாம், அவளுக்கு நூற்றில் ஒரு பங்கு இருந்ததாம், ஐம்பது லட்சம் வந்திருக்க வேண்டாமா?” இதுவும் நாங்கள் கேட்கும் கேள்விதான். வந்திருக்க வேண்டியதில்லை. காரணத்தை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்குவோம்.

ஒரு நிறுவனத்தில் துணிகர முதலீட்டாளர்கள் 40 கோடி ரூபாய் இட்டு 40 விழுக்காட்டுப் பங்குகளை வைத்திருக்கின்றனர். நிறுவனர்களும் பணியாளர்களும் மீதி 60 விழுக்காடு. முதலீட்டாளர்கள் வைத்திருப்பவை சாதாரணப் பங்குகள் அல்ல, முன்னுரிமை உடையவை. நிறுவனம் விற்கப்பட்டால், இட்ட 40 கோடியை முதலில் எடுத்துக்கொள்ளலாம். அல்லது அந்த உரிமையை விட்டுவிட்டு, விலையில் 40 விழுக்காட்டைப் பெறலாம். எது அதிகமோ அதனைத் தேர்ந்துகொள்ள ஒப்பந்தம் இடம் தருகிறது. நிறுவனம் 50 கோடிக்கு விற்கிறது. நாற்பது விழுக்காடு என்றால் 20 கோடி. முன்னுரிமை என்றால் 40 கோடி. இயல்பாக அவர்கள் 40 கோடியை எடுத்துக்கொள்வர். எஞ்சிய 10 கோடியை 60 பங்காகப் பிரித்தால், நூற்றில் ஒரு பங்கு வைத்திருந்த பணியாளருக்கு 16 லட்சத்து 66 ஆயிரத்துச் சொச்சம். வழக்கறிஞர் கட்டணமும் நிறுவனத்தின் கடன்களும் அதற்கும் முன்பே கழியும். விலை 200 கோடியாக இருந்திருந்தால், முதலீட்டாளர்களுக்கு 80 கோடி கிடைக்கும் என்பதால் முன்னுரிமையை விட்டுவிடுவர். அந்தப் பணியாளருக்கு முழு 2 கோடி கிடைத்திருக்கும். இந்த எடுத்துக்காட்டில் 100 கோடிக்குக் கீழே ஒரு கணக்கு, அதற்கு மேலே வேறொரு கணக்கு. ஆகவே வேலைக்குச் சேரும் பிள்ளைகள் தமக்கு எத்தனை பங்கு என்று கேட்பதோடு, தமக்கு முன்னால் வரிசையில் எத்தனை கோடி நிற்கிறது என்றும் கேட்க வேண்டும். கேட்டால் தவறாக எண்ணுவார்களோ என்று தயங்குகிறார்கள், தயங்கத் தேவையில்லை.

கிடைக்கும் தொகையும் ஒரே நாளில் கிடைப்பதில்லை. விற்றவர்கள் சொன்ன தகவல்கள் பின்னர்ப் பொய்த்தால் ஈடு செய்வதற்காக, விலையில் ஒரு பகுதியை எஸ்க்ரோ கணக்கில் நிறுத்தி வைப்பர். இக்கணக்கை நடத்துவது எங்களைப் போன்ற வங்கிகளே. இரு தரப்பின் ஒப்பந்தம் சொல்லும் நிபந்தனை நிறைவேறும்வரை அதிலிருந்து ஒரு ரூபாயையும் எவருக்கும் விடுவிக்க இயலாது. நிறுவனர்கள் வந்து கோபித்துக்கொண்டாலும் எங்கள் கை கட்டுண்டதுதான். வாங்குபவர் வெளிநாட்டு நிறுவனமாக இருந்தால், அந்நியச் செலாவணி விதிகளின்படி மொத்த விலையில் 25 விழுக்காட்டுக்கு மேல் பின்தள்ளி வைக்க முடியாது. அதுவும் 18 மாதங்களுக்குள் தீர்க்கப்பட வேண்டும். இந்தியர் ஒருவர் வெளிநாட்டவருக்கு விற்கும்போது, தகுதி பெற்றவர் சான்றளித்த நியாய மதிப்புக்குக் குறைவாக விலை இருக்கக்கூடாது. பரிமாற்ற அறிக்கையை வங்கி வழியாக 60 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். இந்த நாட்களைத் தவறவிட்டு, பின்னர்த் தாமதக் கட்டணம் செலுத்தியவர்களை நாங்கள் அறிவோம்.

வரியையும் மறக்கலாகாது. பணியாளர் தமது பங்கு விருப்ப உரிமையைப் பயன்படுத்திப் பங்குகளைப் பெறும் நாளிலேயே, அன்றைய நியாய மதிப்புக்கும் அவர் கொடுத்த விலைக்கும் உள்ள வேறுபாடு சம்பள வருமானமாகிவிடும். பணம் கைக்கு வரும் முன்பே வரி வந்துவிடும் என்று பொருள். தகுதிச் சான்று பெற்ற சில புத்தொழில் நிறுவனங்களின் பணியாளர்களுக்கு மட்டும் இந்த வரியைச் சில ஆண்டுகள் தள்ளிவைக்கும் சலுகை உண்டு. வேலையை விட்டாலோ பங்கை விற்றாலோ அச்சலுகை முடிந்துவிடும். பின்னர் விற்கும்போது கிடைக்கும் கூடுதல் இலாபம் மூலதன ஆதாயம். பட்டியலிடப்படாத பங்கை 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் நீண்டகால ஆதாயமாகக் கருதப்பட்டு, 2024 ஜூலை 23 முதல் 12.5 விழுக்காடு வரி.

நட்டத்தில் இருக்கும் நிறுவனத்தை வாங்குவதே வரிச் சலுகைக்காகத்தான் என்று சொல்வாரும் உளர். நம் நாட்டில் அது பொதுவாகப் பொருந்தாது. தனியார் நிறுவனம் ஒன்றின் வாக்குரிமைப் பங்குகளில் 49 விழுக்காட்டுக்கு மேல் கைமாறினால், திரண்ட வணிக நட்டத்தைப் பின்வரும் ஆண்டுகளின் இலாபத்தில் கழித்துக்கொள்ளும் உரிமை பெரும்பாலும் போய்விடும்.

வருவாய் இல்லாத நிறுவனங்களின் கொள்முதல், நெடுங்காலம் போட்டிச் சட்டத்தின் கண்ணுக்கும் புலப்படாமல் இருந்தது. அனுமதி தேவையா என்பதைச் சொத்தும் விற்றுமுதலும் கொண்டே சட்டம் அளந்து வந்தது. விற்றுமுதல் சுழி என்றால் விலை எத்தனை ஆயிரம் கோடியானாலும் சிறிய நிறுவனம் என்ற விலக்குக் கிடைத்துவிடும். 2023-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2024 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. இப்போது விலை 2,000 கோடி ரூபாயைத் தாண்டி, வாங்கப்படும் நிறுவனத்துக்கு இந்தியாவில் கணிசமான செயல்பாடும் இருந்தால், இந்தியப் போட்டி ஆணையத்தின் அனுமதி வேண்டும். எண்மச் சேவையாயின், உலகப் பயனாளர்களில் பத்தில் ஒரு பங்கினர் இந்தியாவில் இருந்தாலே கணிசமான செயல்பாடாகிவிடும். வருவாயைக் கொண்டு அளக்க முடியாத மதிப்பு ஒன்று உண்டு என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்ட இடம் இது.

மீண்டும் அந்தத் தந்தையாரிடம் வருவோம். விண்ணப்பம் ஏற்கப்படாத நிலையில் அவர் அடுத்துச் சொல்வது பெரும்பாலும் இதுதான்: “வீட்டுப் பத்திரத்தைத் தருகிறேன், நானே ஜாமீன் நிற்கிறேன்.” எங்கள் வணிகத்துக்கு அது இலாபமான முன்மொழிவு. வீடு பிணையாக இருக்கையில் எங்களுக்கு ஆபத்து மிகக் குறைவு. ஆயினும் வருவாயே இல்லாத நிறுவனத்துக்காக ஓய்வூதியர் ஒருவர் குடியிருக்கும் வீட்டைப் பிணையாக வைக்க வேண்டாம் என்றே பெரும்பாலும் சொல்லி அனுப்புகிறோம். அத்தகைய நிறுவனத்துக்கு உரிய பணம் பங்கு மூலதனமே. இழக்கத் துணிந்தவர், வென்றால் பங்கு பெறும் உரிமையோடு இடவேண்டிய பணம் அது. வீட்டைப் பிணையாக வைக்கும் தந்தைக்கோ இழப்பு முழுமையாக உண்டு. வெற்றியில் பங்கு இல்லை. வாங்கும் நிறுவனத்தின் ஆபத்தையும் கடன் கொடுப்பவரின் ஆதாயத்தையும் ஒருசேர அவர் தலையில் ஏற்றிக்கொள்கிறார்.

‘விரைவில் பெரிய நிறுவனம் ஒன்று வாங்கப்போகிறது’ என்று கூறி, பட்டியலிடப்படாத பங்குகளை வாட்ஸ்அப் குழுக்களில் விற்பவர்களும் பெருகியுள்ளனர். மேற்சொன்ன முன்னுரிமை வரிசையில் அந்தப் பங்கு எங்கே நிற்கிறது என்று விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள். எழுத்தில் விடை வராவிட்டால் நிலை வைப்பை உடைக்க வேண்டாம்.

அரசின் துணை இல்லாமல் இல்லை. புத்தொழில் நிறுவனங்களுக்கான கடன் உத்தரவாதத் திட்டம் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் ஒரு கடனாளிக்கு 10 கோடி ரூபாய்வரை இருந்த உத்தரவாத வரம்பு 2025-இல் 20 கோடியாக உயர்த்தப்பட்டது. பிணைச் சொத்து இல்லாமலேயே இதன்கீழ்க் கடன் பெறலாம். மத்திய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை அங்கீகரித்த நிறுவனமாக இருத்தல் வேண்டும். வாராக்கடன் பட்டியலில் இருத்தல் கூடாது. இன்னொரு நிபந்தனையும் உண்டு. பன்னிரண்டு மாதங்களின் தணிக்கை செய்யப்பட்ட மாதாந்தரக் கணக்குகளிலிருந்து, நிலையான வருவாய் வரத்து தொடங்கிவிட்டது என்று தெரிய வேண்டும். வருவாய் எவ்வளவு சிறிதாயினும், முதல் விலைப்பட்டியல் எழுதிய மாதத்திலிருந்து கணக்குகளை ஒழுங்காக எழுதித் தணிக்கை செய்து வைக்குமாறு பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அந்தப் பன்னிரண்டு மாதக் கணக்கோடும் அங்கீகாரச் சான்றிதழோடும் அவர்களே எங்கள் கிளைக்கு வரட்டும். வீட்டுப் பத்திரம் பெட்டகத்திலேயே இருக்கட்டும்.